திருநெல்வேலியில் கர்நாடக இசை ஆல்பம் பதிவு: ஒரே டேக்கா, எடிட்டா? முதல்முறை பாடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாளையங்கோட்டையில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆறு உருப்படி (பாட்டு), மொத்தம் நாற்பத்தைந்து நிமிடம். இந்த ஆல்பத்தைப் பதிவு செய்து வெளியிட எனக்குப் பதினான்கு மாதம் ஆனது. மூன்று மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. முதல் தடவை இரண்டு நாள் ஸ்டுடியோவில் பாடி, 22 மணி நேரம் எடிட் செய்து, கடைசியில் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து பாடினேன். ஸ்டுடியோவுக்கும் எடிட்டுக்கும் மட்டும் 26,000 ரூபாய் வீண்.

பணத்தைவிட என்னை வருத்தியது வேறொன்று. தோடி ராகத்தில் கல்பனாஸ்வரம் (அங்கேயே கற்பனையாகக் கோத்துப் பாடும் ஸ்வரங்கள்) பாடும்போது ஓரிடத்தில் எனக்குக் கணக்கு இடறிவிட்டது. அந்த இரண்டு ஆவர்த்தனத்தை (தாளத்தின் முழுச் சுற்று) எடுத்துவிட்டு, வேறு டேக்கில் (மறுபடி பாடிப் பதிந்ததில்) நன்றாக வந்திருந்த இரண்டு ஆவர்த்தனத்தை அங்கே வைத்தோம். காதுக்கு ஒட்டு தெரியவில்லை. வயலின் வாசித்த பெரியவரிடம் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “நீ கேட்ட கேள்விய எடுத்துட்டு என் பதில மட்டும் வச்சிருக்கியேம்மா. கேக்கிறவன் எனக்கு ஸ்வரம் காதுல விழலன்னுல்லா நெனப்பான்.”

அவர் சொன்னது முழுக்க உண்மை. நான் பாடாத ஸ்வரத்துக்கு அவர் சம்பந்தமில்லாமல் பதில் வாசிப்பதுபோல அந்தப் பதிவு இருந்தது. அன்று முதல் நான் கற்றுக்கொண்டதை வரிசையாகக் கீழே எழுதுகிறேன். இது வாய்ப்பாட்டு, வயலின், வீணை, புல்லாங்குழல் பதிவு செய்பவர்களுக்கு. ட்ராக் (முன்பே பதிந்த இசை) போட்டுப் பாடும் பக்திப் பாடல்களுக்கு வழி வேறு.

1. எதற்காகப் பதிவு என்று முதலில் தாளில் எழுதுங்கள்

போட்டி, ஆடிஷன், உதவித்தொகை விண்ணப்பம் என்றால் பேச்சே இல்லை: ஒரே டேக், வெட்டு எதுவும் கூடாது. விண்ணப்பத்திலேயே பெரும்பாலும் அப்படித்தான் கேட்கிறார்கள். உங்கள் குருவின் பாடாந்தரத்தை (அவர் வழிவழியாகப் பாடும் முறையை) அடுத்த தலைமுறைக்காகப் பதிந்து வைக்கிறீர்கள் என்றாலும் ஒரே டேக்தான். அவர் ஓரிடத்தில் இருமினால் அந்த இருமலும் இருக்கட்டும்.

வெளியிடும் ஆல்பம் என்றால்தான் ஒரே டேக்கா, எடிட்டா என்ற கேள்வி வருகிறது. மேற்கத்திய சாஸ்திரிய இசையில் டேக்குகளை வெட்டி ஒட்டுவது அன்றாட வேலை. பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் 1964-இல் மேடையையே விட்டுவிட்டு ஸ்டுடியோவுக்குள் போனவர். பல டேக்கிலிருந்து ஒன்றை உருவாக்குவதும் கலைதான் என்று வாதிட்டவர். 1952-இல் பதிவான ஒரு வாக்னர் ஓபராவில் பாடகி கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாட் தொடாத உச்ச ஸ்வரங்களை இன்னொரு பாடகி எலிசபெத் ஷ்வார்ஸ்காப் பாடிக் கொடுத்தார். அங்கே ஸ்வரம் தாளில் அச்சாகி இருக்கிறது; முதல் டேக்கின் முப்பதாவது வரியும் ஐந்தாவது டேக்கின் முப்பதாவது வரியும் ஒன்றேதான். நம்மிடம் கீர்த்தனை ஓரளவுக்கு அப்படி. ஆலாபனையும் (பாட்டு வரி இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது) நிரவலும் (ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடுவது) ஸ்வரமும் அப்படி இல்லை. அந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவந்ததுதான் நான் செய்த தவறு.

2. எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது: உருப்படி வாரியாகப் பட்டியல் போடுங்கள்

இந்த ஒன்றை மட்டும் செய்தாலே பாதிப் பணம் மிஞ்சும். பதிவுக்கு ஒரு மாதம் முன்பே பக்கவாத்தியக்காரர்களோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். நான் இப்போது வைத்திருக்கும் விதி இது.

வர்ணம், கீர்த்தனையின் பல்லவி, அனுபல்லவி, சரணம், காவடிச்சிந்து, தில்லானா ஆகியவற்றில் பேட்ச் (ஒரு பகுதியை மட்டும் மறுபடி பாடி ஒட்டுவது) எடுக்கலாம். ஆனால் குறைந்த அளவு ஒரு முழு ஆவர்த்தனம். ஒரு ஸ்வரத்தையோ ஒரு சொல்லையோ மட்டும் மாற்றவே கூடாது. சங்கதிகள் (ஒரே வரியைப் பாடும் வெவ்வேறு வடிவங்கள்) ஒன்றிலிருந்து ஒன்று வளர்ந்து வருபவை. மூன்றாவது சங்கதியை மட்டும் வேறு டேக்கிலிருந்து எடுத்து வைத்தால் குரலின் வேகமும் சூடும் அங்கே சட்டென்று மாறும். சங்கதி வரிசை முழுவதையும் சேர்த்து மாற்றுங்கள்.

ஆலாபனை ஒரே டேக். மூன்று முறை பாடி, மூன்றில் ஒன்றை முழுதாக எடுங்கள். முதல் ஆலாபனையின் தொடக்கத்தையும் மூன்றாவதின் முடிவையும் ஒட்டினால் ஒரே பிரயோகம் (ராகத்துக்குரிய ஸ்வரக் கோப்பு) இரண்டு முறை வரும், நடுவில் ஒன்று விட்டுப்போகும். பாடியவருக்கு உடனே தெரியாது. ஒரு வாரம் கழித்துக் கேட்கும்போது குத்தும். வயலினின் ஆலாபனை உங்களுடையதைக் கேட்டு எழுந்தது. ஆகவே உங்கள் இரண்டாவது ஆலாபனைக்குப் பின் அவருடைய இரண்டாவதுதான் வரவேண்டும்.

நிரவலும் கல்பனாஸ்வரமும் எடுப்பிலிருந்து (வரி தாளத்தில் தொடங்கும் இடம்) கோர்வை (தாளக் கணக்கோடு வரும் முத்தாய்ப்பு) முடிந்து பல்லவிக்குத் திரும்பும்வரை ஒரே துண்டு. பிடிக்கவில்லையா, அந்தப் பகுதி முழுவதையும் எல்லோருமாக மறுபடி வாசியுங்கள். தனி ஆவர்த்தனமும் (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) அதேபோல. மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிக்கும் இடத்தில் கை வைக்கவே கூடாது.

நாதஸ்வரம், தவில் என்றால் முழுக்கவே ஒரே டேக்குக்குத் தயாராகுங்கள். தவில் சத்தம் எல்லா மைக்கிலும் ஏறிவிடும். எதையும் தனியாகப் பிரிக்க வழியில்லை. நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் பிறந்த இந்தச் சீமையில் நாதஸ்வரக்காரர்கள் பலருக்கு ஒரே மூச்சில் வாசிப்பதுதான் இயல்பும்கூட.

வீடியோவும் சேர்த்து எடுக்கப் போகிறீர்களா? அப்படியானால் ஒவ்வொரு ஒட்டும் கண்ணுக்குத் தெரியும். கை இருக்கும் இடம் மாறும், முந்தானை மாறும். வீடியோ உருப்படிகளைத் தனியே பிரித்து ஒரே டேக்கில் முடியுங்கள்.

3. பாட்டுக்கு உரிமை இருக்கிறதா என்று பாருங்கள்

இந்தியாவில் இயற்றியவர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு. தியாகராஜர், எட்டயபுரத்தில் 1835-இல் காலமான முத்துசுவாமி தீட்சிதர், காவடிச்சிந்து தந்த சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் இவர்களைப் பாட யார் அனுமதியும் வேண்டாம். நம்மூர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் மறைந்தது 1945-இல். அவர் பாடல்களின் உரிமைக்காலம் 2005 இறுதியோடு முடிந்துவிட்டது. பாபநாசம் சிவன் 1973-இல் மறைந்தவர் என்பதால் 2033 இறுதிவரை உரிமை உண்டு. பெரியசாமித் தூரனுக்கு 2047 இறுதிவரை. கச்சேரியில் எல்லோரும் பாடுகிறார்கள் என்பதற்காகப் பதிவு செய்து விற்பனைக்கு விட்டுவிட முடியாது. உரிமையாளரிடமோ அவர் சார்பில் உரிமம் தரும் சங்கத்திடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பதில் வர எனக்கு ஏழு வாரம் ஆனது. காத்திருக்க முடியாதவர்கள் அந்தப் பாட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இன்னொரு பொறி: பாரதியார் பாடல் வரிகள் பொதுச்சொத்து. ஆனால் நீங்கள் கற்ற மெட்டு பின்னால் வேறொருவர் போட்டதாக இருக்கலாம். மெட்டுக்குத் தனி உரிமை உண்டு.

4. காகித வேலையைப் பதிவுக்கு முன்பே முடியுங்கள்

“நமக்குள்ள என்னத்துக்கும்மா கடுதாசி?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். அவர்களுக்காகத்தான் கடிதம் வேண்டும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

பதிப்புரிமைச் சட்டத்தின்படி வாசிக்கும் ஒவ்வொருவருக்கும் நிகழ்த்துநர் உரிமை இருக்கிறது. அவர் சம்மதம் இல்லாமல் வாசிப்பைப் பதிவு செய்யக்கூடாது. 2012 திருத்தத்தில் வந்த 38பி பிரிவு, தன் பெயர் கெடும்படி வாசிப்பைச் சிதைத்தால் கேட்கும் உரிமையை அவருக்குத் தருகிறது. ஆனால் அதே பிரிவின் விளக்கத்தில், எடிட்டுக்காகவோ நேரத்துக்குள் அடக்குவதற்காகவோ ஒரு பகுதியை நீக்கினால் மட்டும் அது பெயரைக் கெடுப்பதாகாது என்றும் இருக்கிறது. அதாவது, நான் என் வயலின் பெரியவருக்குச் செய்ததை வெறும் நீக்கல் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கலாம். சட்டம் எப்படி இருந்தாலும் நியாயம் வேறு. ஆகவே நீங்களே எழுதிக்கொடுங்கள்.

ஒரு பக்கம் போதும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, முத்திரைத்தாளில், தமிழில். அதில் இருக்க வேண்டியவை: பெயர் எப்படி அச்சாக வேண்டும், சம்பளம் எவ்வளவு, என்று கிடைக்கும், எத்தனை கால்ஷீட், ஒரு கால்ஷீட் எத்தனை மணி நேரம், ஒரு உருப்படிக்கு அதிகபட்சம் எத்தனை டேக், எந்தப் பகுதிகள் வெட்டப்படமாட்டா, வெளியிடும் முன் அவர் ஒருமுறை கேட்டு ஒப்புதல் தருவார், கேட்க ஏழு நாள், பதிவின் உரிமை யாருக்கு. பிற்பாடு வருமானம் வந்தால் பங்கு உண்டா இல்லையா என்பதையும் கூச்சப்படாமல் எழுதுங்கள்.

ஸ்டுடியோவிடம் ரசீது உங்கள் பெயரில் வாங்குங்கள். முன்கை எடுத்துப் பொறுப்பேற்றுப் பதிவு செய்பவர்தான் சட்டப்படி அதன் தயாரிப்பாளர். கருவிகளை வைத்திருப்பவர் அல்லர். எல்லா மூல ட்ராக்குகளையும் (ஒவ்வொரு மைக்கின் தனிப் பதிவு) எனக்குத் தந்துவிட வேண்டும் என்று ஒரு வரி எழுதி, ஸ்டுடியோக்காரரிடமும் கையெழுத்து வாங்குங்கள். நான் வாங்கவில்லை. முதல் பதிவின் மூல ஃபைல்கள் கைக்கு வர இரண்டு மாதம் நடந்தேன்.

5. ஸ்டுடியோவை நேரில் போய்ப் பாருங்கள்

நம் பக்கத்து ஸ்டுடியோக்களில் பெரும்பாலும் கிறிஸ்தவப் பாடல்களும் அம்மன், சுடலைமாடன் பாடல்களும்தான் பதிவாகின்றன. அவர்கள் வேலையில் கெட்டிக்காரர்கள். ஆனால் அது ட்ராக் முறை: கீபோர்டில் இசையை முடித்துவிட்டுப் பாடுபவர் தனியாகக் கண்ணாடி அறையில் நின்று பாடுவது. நமக்கு நான்கு பேர் ஒரே நேரத்தில், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும்படி, தரையில் உட்கார வேண்டும். போனில் கேட்டால் “எல்லாம் பண்ணலாம்க்கா” என்பார்கள். நேரில் போய் இவற்றைப் பாருங்கள்.

ஒரே நேரத்தில் எத்தனை மைக் பதிவாகும்? இரண்டு மைக்குக்கு மட்டும் வழியுள்ள கருவிதான் பல இடங்களில் இருக்கிறது. நமக்குக் குரலுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்தின் வலந்தலைக்கும் (வலப்பக்கம்) தொப்பிக்கும் (இடப்பக்கம்) ஒவ்வொன்று, கடத்துக்கோ கஞ்சிராவுக்கோ ஒன்று, தம்புராவுக்கு நேரடி வயர் ஒன்று, அறைக்கு இரண்டு என்று எட்டு வேண்டும். எட்டு வழி இல்லையென்றால் மதுரையிலிருந்து ஒருநாள் வாடகைக்கு எடுக்கலாம். தரையில் உட்கார்ந்தால் எட்டும் குட்டை ஸ்டாண்டுகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

எல்லோரும் ஒரே அறையில் இருந்தால் உங்கள் குரல் வயலின் மைக்கிலும் ஏறும். எனவே பிறகு குரலை மட்டும் மாற்றினால் பழைய குரல் வயலின் ட்ராக்கில் பேய்போல மெல்லக் கேட்கும். ஒரே அறை என்றால் எட்டு ட்ராக்கையும் சேர்த்துத்தான் வெட்ட வேண்டும். மிருதங்கத்தைத் தனி அறையில் வைத்தால் வெட்டுவது எளிது, ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவரோடு கோர்வை சேர்வது கடினம். நான் ஒரே அறையைத்தான் தேர்ந்தெடுப்பேன். கச்சேரியாக வருவது அதில்தான்.

ஏசியை ஓடவிட்டு ஐந்து நிமிடம் வெறும் அறையைப் பதிந்து ஹெட்போனில் கேளுங்கள். ஏசியை நிறுத்தித்தான் பாட முடியும் என்றால் அது பெரிய சிக்கல். ஏழாவது படியில் சொல்கிறேன்.

6. மாதம், நேரம், மின்சாரம்

மார்கழி வேண்டாம். விடியுமுன்னே கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிடும்; நல்ல பக்கவாத்தியக்காரர்கள் பலர் சென்னையில் இருப்பார்கள். பங்குனி முதல் வைகாசி வரை ஊருக்கு ஊர் கோயில் கொடை (திருவிழா). குழாய் ஸ்பீக்கர் சத்தம் இரண்டு கிலோமீட்டர் தாண்டியும் வரும். ஆனியில் நெல்லையப்பர் தேரோட்டம் என்பதால் டவுன் பக்கம் ஸ்டுடியோ இருந்தால் அந்த வாரங்களை விடுங்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் சாரல் காற்றுக்குத் தகரக்கூரை படபடக்கும். ஜன்னல் இடுக்கில் விசில் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. வயலோரம் என்றால் தவளை. எங்கள் அனுபவத்தில் தை நடுவிலிருந்து மாசி முடியும்வரைதான் வசதி. கல்யாண மண்டபம் பக்கத்தில் இருந்தால் முகூர்த்த நாள்களைத் தவிருங்கள்.

கிராமத்துப் பழைய வீட்டுக் கூடத்தில் பதியும் எண்ணம் இருந்தால், ஒருநாள் முன்பே அதே நேரத்தில் போய் உட்கார்ந்து கேளுங்கள். காலையில் மயில் அகவும். எங்கள் இரண்டாவது உருப்படியின் மிக நல்ல டேக்கில் ஒரு மயில் சரியாக எடுப்பில் அகவிவிட்டது. அதை எடுக்க எந்த மென்பொருளாலும் முடியவில்லை.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளை முன்கூட்டியே பாருங்கள். பெரும்பாலும் காலை 9 மணி முதல் மதியம் 2 வரை மின்சாரம் இருக்காது. ஜெனரேட்டர் இருக்கிறது என்பது பதிலாகாது; அதன் சத்தம் தம்புராவுக்கு அடியில் உறுமும்.

வெளியூரிலிருந்து பக்கவாத்தியம் வந்தால் ரயில் முன்பதிவு 60 நாள் முன்பு திறக்கும். நெல்லை எக்ஸ்பிரஸில் காலையில் இறங்கியவரை அன்றே பாட உட்கார வைக்காதீர்கள்.

7. பதிவு நாள்

தம்புராவிலிருந்து தொடங்குங்கள். பின்னால் நீங்கள் வெட்ட முடியுமா முடியாதா என்பது இதில்தான் இருக்கிறது. தம்புராவை அறையில் உரக்க ஒலிக்கவிட்டால் அது எல்லா மைக்கிலும் ஏறும். எங்கே வெட்டினாலும் தம்புராவின் மீட்டல் அந்த இடத்தில் துள்ளும். பாட்டில் ஒட்டு தெரியாத இடத்திலும் தம்புரா காட்டிக்கொடுத்துவிடும். எலக்ட்ரானிக் தம்புராவை ஹெட்போனில் மட்டும் எல்லோருக்கும் கொடுங்கள், ஒரு காதில் போதும். பாட்டு நீளத்துக்கும் ஒரே தம்புரா ஒலியைக் கடைசியில் அடியில் ஓடவிடலாம். சுருதி ஐந்தரைக் கட்டை என்று எழுதினால் மட்டும் போதாது. நுண்சுருதி எண்ணையும் (தம்புராக் கருவியில் சுருதியை நுணுக்கமாக ஏற்றி இறக்கும் எண்) எழுதுங்கள். இரண்டாம் நாள் அதே எண். நாங்கள் முதல் தடவை எழுதவில்லை. இரண்டு நாள் டேக்குகள் மயிரிழை வித்தியாசத்தில் நின்றன, எதுவும் எதோடும் சேரவில்லை.

அடுத்து மிருதங்கம். ஏசி அறையில் தோல் இறுகிச் சுருதி ஏறும். தொப்பியில் இட்ட ரவை காயும். ஏசியை நிறுத்திப் பாடி, ஓய்வில் மீண்டும் போடும் அறை என்றால் ஒவ்வொரு டேக்குக்கும் மிருதங்கத்தின் குரல் மாறும். ஆகவே பேட்ச் எடுக்க வேண்டியதை ஏசியைப் போடுமுன், எழுந்திருக்குமுன், அதே சூட்டில் எடுங்கள். மதியம் சாப்பிட்டு வந்து எடுத்த பேட்ச் ஒன்றுகூட எங்களுக்குச் சேரவில்லை.

காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம். டேக் முடிந்ததும் மெட்ரனோம் செயலியில் தட்டிப் பார்த்து எண்ணை எழுதுங்கள், தொடக்கத்தில் எவ்வளவு, முடிவில் எவ்வளவு என்று. எல்லோருக்கும் சற்று ஓடத்தான் செய்யும். 66-இல் தொடங்கி 70-இல் முடிவது குற்றமல்ல. ஆனால் சரணத்துக்குப் பேட்ச் எடுக்கும்போது 66-இல் தொடங்கினால் ஒட்டாது. க்ளிக் (காதில் சீராகத் தட்டும் ஒலி) போட்டுப் பாடலாம் என்று இன்ஜினீயர் சொல்வார். வேண்டாம். பாட்டின் நடை செத்துவிடும். அதற்குப் பதிலாக, முந்தைய டேக்கின் இரண்டு ஆவர்த்தனத்தை ஹெட்போனில் ஓடவிட்டு, அதோடு தாளம் போட்டபடி எல்லோரும் சேர்ந்துகொள்ளுங்கள். தேவையான ஆவர்த்தனத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று சேர்த்து வாசியுங்கள். முந்தைய சாப்பின் (மிருதங்கத்தில் ரீங்கரிக்கும் தட்டு) நாதம் வெட்டும் இடத்தில் தொடர்ந்து கேட்க வேண்டும் அல்லவா, அதற்காக.

டேக் புத்தகம் ஒன்று வையுங்கள். இருபது ரூபாய் நோட்டு போதும். டேக் எண், மணி, உருப்படி, எங்கிருந்து எங்குவரை, காலப்பிரமாணம், ஏசி ஓடியதா, குறிப்பு. இதை எழுத ஒரு மாணவியை உட்கார வையுங்கள், பாடுபவர் எழுதக்கூடாது. குறிப்பில் “நன்று” என்று எழுதிப் பயனில்லை. “அனுபல்லவி இரண்டாம் சங்கதி வயலின் சேரவில்லை, மற்றது சரி” என்று எழுதினால்தான் இரண்டு வாரம் கழித்து உதவும்.

ஒரு உருப்படிக்கு மூன்று முழு டேக்குக்கு மேல் வேண்டாம். நான் முதல் தடவை ஒரே கீர்த்தனையைப் பதினொரு தடவை பாடினேன். கடைசியில் எடுத்துக்கொண்டது இரண்டாவது டேக்கை.

ஃபார்மட்: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ். எட்டு ட்ராக்குக்கு ஒரு மணி நேரத்துக்கு நான்கு ஜிபிக்குச் சற்று மேல் ஆகும். ஹார்ட் டிஸ்க் இரண்டு கொண்டுபோய், கிளம்புமுன் இரண்டிலும் நகல் எடுங்கள்.

8. எடிட்டில் உட்காரும்போது

மூன்று நாள் கழித்து உட்காருங்கள். அன்றே கேட்டால் பாடிய களைப்புதான் கேட்கும்.

எங்கே வெட்டுவது என்று இன்ஜினீயருக்கு நீங்கள்தான் காட்ட வேண்டும். கர்நாடக இசை பழகாதவர் அலைவடிவம் மெலிந்திருக்கும் இடத்தைத் தேடிப் போவார். அது பெரும்பாலும் கமகத்தின் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) நடுவாக இருக்கும். எனக்குப் பலித்த வழி வல்லினம். க, ச, ட, த, ப வரும் இடத்தில், அதிலும் இரட்டித்து வரும் க்க, ப்ப, த்த போன்ற இடத்தில், வாய் ஒரு கணம் முழுதாக மூடுகிறது. குரலில் உண்மையான மௌனம் அங்கே இருக்கிறது. அந்த வல்லினத்தின்மேல் மிருதங்கத்தின் ஓங்கிய சொல்லும் (தட்டும்) விழுந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. சொல் விழுவதற்கு மயிரிழை முன்னால் வெட்டுங்கள். அகாரத்தில் (‘ஆ’ என்று) ஓடும்போதும், மெல்லினத்திலும், ய, ர, ல, வ வரும் இடத்திலும் வெட்டினால் எவ்வளவு குழைத்து ஒட்டினாலும் காது கண்டுபிடிக்கும்.

மூச்சை அழிக்காதீர்கள். மூச்சை எடுத்துவிட்டால் கேட்பவருக்கு மூச்சு முட்டும்.

சுருதி திருத்தும் மென்பொருளுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அது எல்லா ஸ்வரத்தையும் பன்னிரண்டு கட்டத்துக்குள் நிறுத்தப் பார்க்கும். தோடியின் காந்தாரம் (‘க’ ஸ்வரம்) ஓரிடத்தில் நிற்பதே இல்லை. அந்த அசைவுதான் காந்தாரம். அதை நேராக்கினால் ராகமே போய்விடும். ஒரு ஸ்வரம் சேரவில்லையென்றால் அந்த ஆவர்த்தனத்தை வேறு டேக்கிலிருந்து எடுங்கள். வேறு டேக்கிலும் இல்லையென்றால் அப்படியே விடுங்கள்.

திருத்தங்களைப் போனில் சொல்லாமல் நிமிடம், நொடி போட்டு எழுதி அனுப்புங்கள். இரண்டு சுற்றோடு நிறுத்துங்கள். மணிக்கணக்கில் கூலி என்றால் மூன்றாவது சுற்றில்தான் பணம் போகும்; கேட்கக் கேட்கக் குறை புதிதாகத் தோன்றும். முடிந்ததைப் பக்கவாத்தியக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பி, ஏழு நாள் பொறுத்து, ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள்.

9. செலவு

இரண்டாவது தடவை எனக்கு ஆனது இது. ஸ்டுடியோ மணிக்கு 800 ரூபாய், நான்கு மணி நேரக் கால்ஷீட் இரண்டு: 6,400. எட்டு வழிக் கருவியும் மைக்குகளும் வாடகை: 4,500. பக்கவாத்தியம் மூன்று பேர், இரண்டு கால்ஷீட்: 30,000. எடிட், மிக்ஸிங், மாஸ்டரிங் உருப்படிக்கு 2,000 வீதம்: 12,000. பயணம், சாப்பாடு: 3,600. பாட்டை இணையத் தளங்களில் ஏற்றித் தரும் வெளியீட்டு நிறுவனத்துக்கு ஆண்டுக் கட்டணம்: 1,800. முத்திரைத்தாள், நகல்: 500. மொத்தம் 58,800. எடிட்டை மணிக்கணக்கில் பேசாமல் உருப்படிக் கணக்கில் பேசியதால்தான் இவ்வளவில் நின்றது. பக்கவாத்தியச் சம்பளத்தில் பேரம் பேசாதீர்கள். குறைக்க வேண்டுமென்றால் உருப்படியைக் குறையுங்கள்.

பதிப்புரிமை அலுவலகத்தில் ஒலிப்பதிவைப் பதிவு செய்ய அரசுக் கட்டணம் 2,000 ரூபாய். கட்டாயமில்லை. செய்தால், ஆட்சேபம் வருகிறதா என்று பார்க்க 30 நாள் காத்திருப்பு உண்டு.

10. வெளியீடு

வெளியீட்டு நாளுக்கு நான்கு வாரம் முன்பே ஃபைல்களை ஏற்றுங்கள். 3000-க்கு 3000 பிக்சல் அட்டைப்படம், பான் எண், வங்கிக் கணக்கு, ஒவ்வொரு உருப்படிக்கும் ராகம், தாளம், இயற்றியவர், வாசித்தவர்கள் பெயர் தயாராக இருக்கட்டும். இயற்றியவர் இடத்தில் ‘பாரம்பரியப் பாடல்’ என்று போடாமல் பெயரையே போடுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற பன்னிரண்டு எழுத்துக் குறியீட்டை நிறுவனமே தரும். அதே பாட்டின் வேறு டேக்கைப் பின்னால் வெளியிட்டால் அதற்குப் புதுக் குறியீடு.

வீடியோ தளங்களின் தானியங்கி உரிமை கோரும் வசதியில் சேரும் முன் யோசியுங்கள். தம்புரா ஒலியைச் செயலியிலிருந்து எடுத்திருந்தால், அதே ஒலி ஆயிரம் பேர் பதிவில் இருக்கும். உங்களுக்கு மட்டும் உரியது என்று கோர முடியாது. மறுபக்கம், தியாகராஜ கீர்த்தனையைப் பாடியதற்கே யாரோ உரிமை கோரி அறிவிப்பு வரலாம். பயப்படாமல் ‘சொந்தப் பதிவு, பாட்டு பொதுச்சொத்து’ என்று ஆட்சேபம் எழுதி, ஸ்டுடியோ ரசீதையும் சம்மதக் கடிதங்களையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வந்த கோரிக்கை மூன்று வாரத்தில் விலகியது.

அட்டையில் ‘ஒரே டேக்’, ‘நேரலை’ என்று போடுவதாக இருந்தால் வெட்டு ஒன்றுகூட இருக்கக்கூடாது. சத்த அளவைச் சீராக்குவதும் தம்புராவை அடியில் ஓடவிடுவதும் வெட்டில் சேராது. ஒரே ஒரு ஆவர்த்தனப் பேட்ச் இருந்தாலும் சேரும். என் ஆல்பத்தில் தோடிக்கு மட்டும் அப்படிப் போட்டேன். மற்ற ஐந்துக்கும் ‘ஸ்டுடியோ பதிவு’ என்று மட்டும்.

கடைசியாக, மூல ட்ராக்குகள், டேக் புத்தகம், கையெழுத்திட்ட கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்து, ஹார்ட் டிஸ்க்கின் இரண்டாவது நகலை வேறு வீட்டில் வையுங்கள். என்னுடையது வயலின் பெரியவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது.